தெரியாமல் குடித்துவிட்டேன்… கருவைக் கலைத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 28. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், பெங்களூருவில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. மாதத்தில் இரண்டொரு தடவை நானும் கணவரும் நண்பர்களோடு வைன் குடிப்பதுண்டு. தோழியின் கல்யாணத்துக்காகக் கோவா போயிருந்தோம். மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் அது 24, 25, 26-ம் நாட்கள். மூன்று நாளும் மூன்று, நான்கு கிளாஸ் வரை குடித்தேன். ஊர் திரும்பிய பிறகு 33-ம் நாள், ஒரு சனிக்கிழமை, இரண்டு கிளாஸ். 36-ம் நாள் டெஸ்ட் செய்து பார்த்தால் இரண்டு கோடு! எனக்கு 28 நாள் கணக்கு தவறியதே இல்லை. ஊர் சுற்றியதில் தள்ளிப்போகிறது என்று நினைத்துவிட்டேன். இப்போது 7-வது வாரம். டெஸ்ட் செய்த நாளிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஆனால் இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே போய்விட்டது. கணவர் ‘ஒன்றும் ஆகாது’ என்கிறார். 2012-ல் லண்டனில் பிள்ளை பெற்ற அண்ணியோ, ‘வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு கிளாஸ் பரவாயில்லன்னு எங்க மிட்வைஃபே சொன்னாங்க’ என்கிறார். இது எதுவும் தெரியாத அம்மா, உடம்பு தேறட்டும் என்று தசமூலாரிஷ்டம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறார். பேசாமல் கலைத்துவிட்டு, அடுத்த முறை ஒழுங்காக ஆரம்பிக்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: கலைப்பது பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழந்தை இப்போது வேண்டுமா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் கோவாவில் குடித்த வைனுக்காகக் கலைப்பது என்றால், வேண்டாம் அம்மா. கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் சில நாட்கள் குடித்தது, கலைப்பதற்கான மருத்துவக் காரணமே அல்ல. இதே பயத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்கள் பலர். அவர்களில் ஒருத்தி மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தப்போக்கு நிற்காமல் நடு ராத்திரியில் தூக்கிவரப்பட்டாள். கரு கர்ப்பப்பையில்தான் தங்கியிருக்கிறதா, குழாயில் சிக்கியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. அந்த எண்ணம் மறுபடி வந்தால், மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

இனி உங்கள் நாள் கணக்கு. இவ்வளவு துல்லியமாக எழுதியதற்கு நன்றி, என் பாதி வேலை முடிந்தது. டாக்டர்கள் வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். கரு உண்டாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆக, 7-வது வாரம் என்று சொன்னாலும் உங்கள் குழந்தைக்கு வயது ஐந்து வாரம்கூட நிறைந்திருக்காது. கோவாவில் இருந்த 24, 25, 26-ம் நாட்களில் அது உண்டாகிப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஒரு செல் உருண்டை, கர்ப்பப்பைச் சுவரில் தன்னைப் பதித்துக்கொள்ளும் நேரம். முதல் இரண்டு வாரத்தில் நடக்கும் பாதிப்பைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு பொதுவிதி உண்டு: அடி பலமாக இருந்தால் கரு தங்காமலே போய்விடும், தங்கிவிட்டால், சேதமான செல்களின் வேலையை மற்ற செல்கள் எடுத்துக்கொள்ளும். உங்கள் கரு தங்கிவிட்டது. கோவாவை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை அப்படியல்ல. 33-ம் நாள் என்றால் கருவுக்கு மூன்றாவது வாரம். உறுப்புகள் உருவாகத் தொடங்கும் வாரம் அது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற தகடு அமைவதும், முகத்துக்கான அடித்தளம் விழுவதும், இதயம் துடிக்கத் தயாராவதும் அந்த நாட்களில்தான். ஒரு கிளாஸ் வைன் 150 மில்லி என்று வைத்தால், அதில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கும். இரண்டு கிளாஸுக்கு 30 கிராம். முகத்திலும் வளர்ச்சியிலும் கண்ணுக்குத் தெரியும் கடுமையான பாதிப்புகள், ஒரே நேரத்தில் நிறையக் குடிப்பவர்களின், நாள்தோறும் குடிப்பவர்களின் குழந்தைகளிடம்தான் பெரும்பாலும் காணப்படுகின்றன. ஒரே ஒரு மாலை இரண்டு கிளாஸ் குடித்ததால் அப்படி நேர்வதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ‘பாதிப்பே இருக்காது’ என்று கையெழுத்துப் போட்டுத் தர என்னாலும் முடியாது, வேறு எந்த டாக்டராலும் முடியாது. அதற்காகப் பெரிய அபாயம் வாசலில் நிற்கிறது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டெஸ்ட் செய்த அன்றைக்கே நிறுத்திவிட்டீர்கள். மூளை வளர்ச்சி பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகும் நடந்துகொண்டே இருப்பது. இனி குடிக்காமல் கழிகிற ஒவ்வொரு வாரமும் அந்தக் குழந்தைக்கு லாபம்.

உங்கள் கணவர் ‘ஒன்றும் ஆகாது’ என்றாராம். அவர் இதைப் படிக்க வேண்டும். நாம் சாப்பிடும் சில பொருட்களை நச்சுக்கொடி தடுத்து நிறுத்திவிடும், ஆல்கஹாலை அதனால் நிறுத்த முடியாது. அது மிகச் சிறிய மூலக்கூறு. தண்ணீரிலும் கரையும், கொழுப்பிலும் கரையும். அம்மாவின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ, கொஞ்ச நேரத்தில் ஏறக்குறைய அதே அளவு குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும். அதை உடைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரல் குழந்தைக்கு இன்னும் வேலையே பழகவில்லை. அம்மாவின் உடம்பு தீர்த்துவைக்கும் வரை அது காத்திருக்க வேண்டியதுதான். கர்ப்பம் வளர்ந்த பிறகோ, பனிக்குட நீரிலும் ஆல்கஹால் தேங்கும். குழந்தை அந்த நீரைத்தான் விழுங்குகிறது, அதிலேதான் சிறுநீர் கழிக்கிறது, திரும்ப அதையே விழுங்குகிறது. அம்மாவுக்குப் போதை தெளிந்த பிறகும் உள்ளே இந்தச் சுற்று கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

பீர்தானே, வைன்தானே என்பவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ‘ஸ்மால்’, அதாவது 30 மில்லி விஸ்கியில் இருப்பது சுமார் 10 கிராம் ஆல்கஹால். 8 சதவிகிதம் ‘ஸ்ட்ராங்’ பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம். நான்கு ஸ்மால் விஸ்கிக்குச் சமம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பாட்டிலின் வடிவம் தெரியாது.

அண்ணி பொய் சொல்லவில்லை. 2012-ல் இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்குச் சொல்லப்பட்டது ஏறத்தாழ அதுதான்: குடிக்காமல் இருப்பது நல்லது, குடித்தே தீருவேன் என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, மிகக் கொஞ்சமாக. 2016 ஜனவரியில் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது அங்கேயும் ‘கர்ப்பகாலத்தில் குடிக்கவே வேண்டாம்’ என்பதுதான் அறிவுரை. ஒரு கிளாஸ் குடித்த எல்லா அம்மாக்களின் குழந்தைக்கும் கெடுதல் வந்துவிட்டது என்பதால் மாற்றவில்லை. இவ்வளவு வரை பத்திரம் என்று கோடு கிழிக்க யாராலும் முடியவில்லை என்பதால் மாற்றினார்கள். கர்ப்பிணிகளுக்கு ஊற்றிக் கொடுத்துப் பரிசோதித்துப் பார்க்க முடியாது. ஒரே அளவு குடித்தாலும் ஒருவருக்கு ஒருவர் பாதிப்பு மாறுகிறது: உடல் எடை, சாப்பாடு, பரம்பரையாக வந்த நொதிகள், குடித்தது எந்த வாரம் என்று பல காரணங்கள். அண்ணியின் மகன் நன்றாக இருக்கிறான் என்றால் சந்தோஷம். அது உங்கள் குழந்தைக்கான உத்தரவாதம் ஆகாது.

இதில் மருத்துவர்களாகிய நாங்களும் தப்பு செய்தவர்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். 1960-களிலும் 70-களிலும் குறைமாதத்தில் வலி வந்த பெண்களுக்கு, வலியை நிறுத்துவதற்காக நரம்பு வழியாக ஆல்கஹாலையே டிரிப் ஏற்றினார்கள். பெரிய பெரிய மருத்துவமனைகளில் அது முறைப்படியான சிகிச்சையாக இருந்தது. 1968-ல் பிரான்சின் நாந்த் நகரத்தில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், குடிக்கும் பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பரிசோதித்து, இவர்களிடம் ஒரே மாதிரியான குறைகள் இருக்கின்றனவே என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இருவர் அதையே தாங்களாகக் கண்டுபிடித்து, ‘ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்’ (கருவில் மதுவால் வரும் குறைகளின் தொகுப்பு) என்று பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1989 முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மது பாட்டிலிலும் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை இருக்கிறது. பிரான்சில் கர்ப்பிணிப் பெண் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட சின்னம். நம் ஊர் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். 2019-ல் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்ட வாசகம், மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்கிறது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் தெரியாமல் குடித்தீர்கள் என்றால், அந்தத் தெரியாமைக்கு நீங்கள் மட்டும் பொறுப்பு அல்ல.

வெட்கமாக இருக்கிறது என்றீர்கள். இந்த விஷயத்தில் நான் பயப்படுவது மதுவுக்கு அடுத்தபடியாக அந்த வெட்கத்துக்குத்தான்.

சில வருடங்களுக்கு முன் எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்துக்கொண்டு அவன் அம்மா வந்தாள். அவனுக்குப் பிரசவம் பார்த்தது நான் என்பதால், நம்பிக்கையோடு என்னிடமே வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் புகார்: சொன்னதை உடனே மறக்கிறான், உட்கார மாட்டேன் என்கிறான், கணக்கு வரவே இல்லை. அடித்தும் பார்த்துவிட்டார்கள். நல்ல பாசமான பிள்ளை. என் மேஜையில் இருந்த நாணயங்களை எடுத்து எண்ணச் சொன்னேன். அழகாக ஏழு என்று எண்ணினான். அவன் அம்மாவோடு பத்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பி, ‘எத்தனை இருந்துச்சுடா கண்ணா?’ என்றேன். அந்த நாணயங்களை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவன்போல் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கினான். எண்ணி முடித்து, சரியா என்று கேட்பதுபோல் சிரித்தான். சிரிக்காதபோதும் அவன் மேலுதடு மெலிந்தே இருந்ததை அன்றுதான் கவனித்தேன். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் நம் எல்லாருக்கும் ஓடும் அந்தச் சிறு பள்ளம் அவனுக்கு வழுவழுவென்று தட்டையாக இருந்தது. கண்ணின் நீளமும் குறைவு.

கணவரை மருந்து வாங்கிவர அனுப்பிவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: ‘வயித்துல இருந்தப்ப அவரு குடிக்கறப்பல்லாம் எனக்கும் ஊத்திக் கொடுப்பாரு டாக்டர். எட்டாம் மாசம் வரைக்கும். நீங்க கேக்கல, நானும் சொல்லல.’

‘நீங்க கேக்கல.’ உண்மைதான். ஒன்பது மாதம் மாதாமாதம் என்னிடம் வந்தவள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, சொந்தத்தில் கல்யாணமா என்று எல்லாம் கேட்டேன், இதைக் கேட்கவில்லை. நம் ஊர்ப் பெண்ணிடம் ‘குடிப்பியாம்மா?’ என்று எப்படிக் கேட்பது என்று வாய் வரவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மது அருந்துபவர்கள் 1.3 சதவிகிதம்தான், ஆனால் அந்த ஒருத்தி நம் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவளுக்குச் சதவிகிதக் கணக்கால் என்ன பிரயோஜனம்? நான் கேட்டிருந்தால் மூன்றாம் மாதத்திலேயே நிறுத்தியிருப்பாள். குறைந்தபட்சம் அவள் பையன் ‘குறும்பன்’, ‘மக்கு’ என்ற பெயரோடு அத்தனை அடி வாங்கியிருக்க மாட்டான். மூளையில் ஏற்பட்ட குறை முழுதாக மாறாது. ஆனால் என்ன குறை என்று தெரிந்தால் அதற்கேற்ற பயிற்சி, அதற்கேற்ற பள்ளி, அதற்கேற்ற பொறுமை கிடைக்கும். அவனுக்கு அது தாமதமாகத்தான் கிடைத்தது. அன்றிலிருந்து என்னிடம் வரும் எல்லாப் பெண்களிடமும், வயதோ ஊரோ பார்க்காமல், கேட்கிறேன்.

வெட்கத்தை உடைத்த ஊர் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. வடமேற்கு மூலையில் ஃபிட்ஸ்ராய் கிராஸிங். அங்கே வாழும் பழங்குடிப் பெண்களே, ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்றவர்கள் முன்னின்று, 2007-ல் தங்கள் ஊரில் கடையிலிருந்து வாங்கிப்போகும் மதுவுக்கு, மிக லேசானதைத் தவிர, தடை வாங்கினார்கள். அதோடு நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று மருத்துவ ஆராய்ச்சியாளர்களைத் தாங்களே அழைத்தார்கள். தாய்மார்கள் உட்கார்ந்து, கர்ப்பத்தில் எவ்வளவு குடித்தோம் என்று சொன்னார்கள். பரிசோதித்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு மதுவால் வந்த பாதிப்பு இருந்தது தெரியவந்தது. அந்த அம்மாக்கள் சொல்ல முன்வந்ததால்தான் அவர்கள் பிள்ளைகளுக்கு உதவி வந்தது. நீங்கள் சொல்ல வேண்டியது அதைவிட எவ்வளவோ சிறியது.

ஆகவே டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மாவிடமும் மாமியாரிடமும் சொல்வதா என்பது உங்கள் விருப்பம், அதற்கு அவசியம் எதுவும் இல்லை. டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஃபோலிக் ஆசிட் எவ்வளவு தரலாம் என்பதை அவர் அதையும் வைத்து முடிவு செய்வார். மது அந்தச் சத்து உடலில் சேர்வதைக் கெடுக்கும். மூன்றாம் மாத முடிவில் ஒரு ஸ்கேன், ஐந்தாம் மாத வாக்கில் எல்லாரும் டிஃபா என்று சொல்கிற ஸ்கேன் எடுப்பார்கள். இதயம், முதுகெலும்பு, உதடு எல்லாவற்றையும் அதில் பார்ப்பார்கள், குழந்தையின் வளர்ச்சியையும் தொடர்ந்து அளப்பார்கள். குழந்தையின் ஞாபகசக்தியையும் கவனத்தையும் எந்த ஸ்கேனும் காட்டாது. அதற்காக ஸ்கேன் ஸ்கேனாக அலைய வேண்டாம். பிறந்த பிறகு குழந்தை மருத்துவரிடமும் இதே விவரத்தைச் சொல்லி வையுங்கள், அது போதும்.

அம்மா அனுப்பிய பாட்டிலுக்கு வருகிறேன். லேபிளைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துத் தயாரிப்பவை. அந்தப் புளிப்பிலேயே ஆல்கஹால் தானாக ஊறும், பெரும்பாலும் 5 முதல் 10 சதவிகிதம் வரை. பீர் அளவு. குடிப்பது 15, 30 மில்லிதான் என்றாலும், தினம் இரண்டு வேளை, மாதக்கணக்கில் என்று போகும். தசமூலாரிஷ்டம் நம் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது, வயிற்றில் இருக்கும்போது கொடுப்பது அல்ல. பிரசவத்துக்குப் பிறகும் பால் கொடுக்கிறீர்கள் என்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் பாலிலும் வரும். பெற்ற உடம்புக்குச் சூடு என்று சில வீடுகளில் கொடுக்கும் பிராந்திக்கும் இதே பதில்தான். சளிக்கு ஒரு ஸ்பூன் என்றாலும் வேண்டாம். இருமல் மருந்து, ஹோமியோபதி டிங்க்சர் எதுவானாலும் லேபிளைப் பார்த்து, டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் பழைய சோற்றையும் இட்லி மாவையும் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வேறு.

கணவருக்கு ஒரு வேலை இருக்கிறது. மூணு மாசம் ஆகட்டும் என்று நாம் யாரிடமும் சொல்ல மாட்டோம். அந்த மூன்று மாதத்தில்தான் நண்பர்கள் கூடும் இடத்தில் ‘இன்னிக்கு என்ன, விரதமா?’ என்று கிளாஸை நீட்டுவார்கள். விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று ஒரு வாய் வாங்கிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டியது அவர். ‘ஆன்டிபயாடிக் சாப்பிடறா’ என்று சொல்லிவிட்டு லைம் சோடாவை உங்கள் கையில் கொடுக்கட்டும், தானும் ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். வீட்டு ஃபிரிட்ஜில் பாட்டில் இருக்க வேண்டாம். ‘ஆல்கஹால் இல்லாத’ பீர் என்று விற்பதிலும் சிலவற்றில் கொஞ்சம் இருக்கும். இந்த ஒன்பது மாதம் அதையும் விட்டுவிடலாம்.

இந்த வாசகி நிறுத்தியதுபோல் உடனே நிறுத்த முடியாதவர்களும் இதைப் படிப்பீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்புகூட வரலாம். கர்ப்பத்தில் அது ஆபத்து. தனியாக முயலாமல் மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே மருந்தோடு பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

டாக்டரை அடுத்து எப்போது பார்க்கப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்கேன் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்விடுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் 24, 25, 26, 33 என்று நாளும் அளவும் எழுதியிருந்தீர்களே, அதையே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வாய் திறக்க வராவிட்டால் தாளை மேஜையில் வைத்துவிட்டு உட்காருங்கள், படித்துவிட்டு அவரே கேட்பார்.